வாங்கிக்கொள்ளும் ஊழியம்

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார். பணப்பை கூடாது, சாமான் பை கூடாது, பாதரட்சை கூடாது என்று அவர் போட்ட கட்டுப்பாடுகளைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல் வரும் கட்டளையைத்தான் பிரசங்கியார்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஏற்றுக்கொள்கிற வீட்டிலேயே தங்க வேண்டும், அவர்கள் எடுத்துவைப்பதைச் சாப்பிட வேண்டும், வீடு மாற்றித் திரியக் கூடாது. போகிறவன் கையில் ஒன்றும் இருக்காது. அந்த ஊர்க்காரர்கள் இரங்கினால்தான் ராத்திரிச் சாப்பாடு. சுவிசேஷம் சொல்லப் போகிறவன் முதலில் ஒரு வீட்டு வாசலில் விருந்தாளியாக நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

உகாண்டாவுக்குப் புறப்படுமுன் எங்கள் சேகரத்துக் கூடத்தில் பெட்டிகளைத் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டிக்கு 23 கிலோ. வாசிப்புக் கண்ணாடிகள், நோட்டுகள், பென்சில் டப்பாக்கள், பாராசிட்டமால், பூச்சி மாத்திரை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணப் படங்கள். தனியாக ஒரு பெட்டி எங்களுக்கே. அதில் அவல், முறுக்கு, பருப்புப்பொடி, மாங்காய் ஊறுகாய், உடனே கிளறும் உப்புமாப் பொட்டலங்கள். அங்கே தண்ணீர்கூட வாயில் படக் கூடாது என்று கமிட்டியில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் அந்த ஊறுகாய்ப் பெட்டியைக் காட்டி, "லூக்கா பத்து என்ன சொல்லுது?" என்று கேட்டேன். எங்களோடு வந்த கம்ப்யூட்டர் பையன் சட்டென்று, "இயேசு சாமி காலத்துல ஃப்ளைட்டு கிடையாதுல்லா டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தோம். பெட்டி 24 கிலோ காட்டியது. முறுக்கைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புறநானூற்றில் வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் நான்கு படி வரைவேன். கொடு என்று கேட்பது தாழ்வு. கேட்டவனுக்கு இல்லை என்பது அதைவிடத் தாழ்வு. கேட்காமலே இந்தா என்று நீட்டுவது உயர்வு. நீட்டியதை வேண்டாம் என்று சொல்வது எல்லாவற்றுக்கும் உயர்வு. உச்சிப்படியில் நிற்பவன் கொடுத்தவன்கூட இல்லை, மறுத்தவன். வள்ளுவரும் ஈகை அதிகாரத்தில் இதே பக்கம்தான் நிற்கிறார். மேலுலகம் என்று ஒன்று இல்லாமற்போனாலும் கொடுக்கச் சொல்கிறார், நல்ல வழி என்றே தோன்றினாலும் வாங்குவதைப் பழிக்கிறார். எங்கள் வீட்டில் இதைப் படித்தா தெரிந்துகொண்டோம்? யார் வீட்டுக்குப் போனாலும் தட்டு நீளும்போது வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். மூன்றாம் முறை வற்புறுத்தினால் ஒரு முறுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இதன் மேல் கிறிஸ்தவப் பாடம் ஒன்று வந்து சேர்ந்தது. பவுல் மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் பாக்கியம் அதிகம் என்று இயேசு சொன்னதை நினைவூட்டுகிறார். நான்கு சுவிசேஷங்களிலும் இந்த வார்த்தை இல்லை, அப்போஸ்தலருடைய நடபடிகளில் மட்டும் இருக்கிறது. ஆனாலும் காணிக்கைப் பைகளில் அதிகம் அச்சாவது இதுவாகத்தான் இருக்கும். புறநானூறும் பவுலும் கைகோத்தால் என்னைப் போன்ற ஒரு பெண்பிள்ளை உருவாகிவிடுவாள். கொடுப்பாள், வாங்க மாட்டாள், அது பரிசுத்தம் என்றும் நினைத்துக்கொள்வாள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு இடறல் உண்டு. கொடுப்பதில்தான் பாக்கியம் அதிகம் என்றால், எப்போதும் நானே கொடுத்துக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவர்களுக்கு எப்போதும் குறைந்த பங்குதானே கிடைக்கும்? பாக்கியத்தை முழுக்க நான் எடுத்துக்கொண்டு கண்ணாடியையும் பென்சிலையும் அவர்களிடம் தள்ளிவிட்டு வருவது எந்த வகையில் தர்மம்?

நாங்கள் போனது மேற்கு உகாண்டாவின் டூரோ நாடு. கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டலுக்குச் சுமார் 300 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை. கடைசியில் சாலையின் இரு பக்கமும் தேயிலைத் தோட்டம் தொடங்கிவிடும். மேற்கே ருவென்சோரி மலை, 5,109 மீட்டர் உயரச் சிகரம், மேகம் விலகினால் தெரியும் என்றார்கள். நாங்கள் இருந்தவரை விலகவில்லை. ஃபோர்ட் போர்ட்டலிலிருந்து உள்ளே செம்மண் பாதையில் போனால் வாழைத் தோப்புகளுக்கு நடுவே கோயில். சுட்ட செங்கல் சுவர், பாதிக்குத் தகரக் கூரை, மீதிக்குத் தார்ப்பாய். வெளியே மரக்கிளையில் ஒரு லாரிச் சக்கர வளையம் தொங்கியது. அதுதான் மணி.

அந்தச் சபையின் பூர்வீகம் எங்கள் சபையின் பூர்வீகத்தோடு சம்பந்தப்பட்டது. 1799இல் லண்டனில் தொடங்கிய சர்ச் மிஷனரி சொசைட்டிதான் 1820இல் மிஷனெரி ரேனியஸைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. அதே சங்கத்தின் ஆட்கள்தான் 1877இல் புகாண்டா அரசர் மூடேசாவின் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் புகாண்டாவிலிருந்து டூரோவின் கிராமங்களுக்குச் சுவிசேஷத்தைச் சுமந்துபோனதில் பெரும்பங்கு ஆப்பிரிக்க உபதேசிமாருடையது. அவர்களில் அப்போலோ கிவேபுலாயா என்பவரின் பெயர் அங்கே சிறு பிள்ளைக்கும் தெரிகிறது. 1895இல் ஞானஸ்நானம் பெற்றார், டூரோவில் ஊழியம் செய்தார், அடுத்த வருஷமே மலைக்கு அப்பால் காங்கோ பக்கத்து ம்போகாவுக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னால் அங்கே போயிருந்த புகாண்டா ஊழியர்கள் ஊரார் உணவு தர மறுத்ததால் திரும்பியிருந்தார்கள். இவர் தங்கினார், அடி வாங்கினார், சிறைப்பட்டார். அடிக்கச் சொன்ன தலைவன் தபாரோ பின்னால் ஞானஸ்நானம் பெற்றான். 1933இல் இறக்கும்போது, தன் தலையைச் சொந்த நாட்டுப் பக்கம் வைக்காமல் மேற்கே காட்டுப் பக்கம் வைத்துப் புதைக்கச் சொன்னாராம். ஊரார் சோறு தரவில்லையென்றால் ஊழியமே நின்றுபோகும் என்பதை அந்தப் பகுதிச் சபை தன் முதல் நாளிலேயே பார்த்திருக்கிறது.

கிவேபுலாயா குருப்பட்டம் பெற்றது 1903இல். அதே வருஷம்தான் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவர் தோழர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்று திருநெல்வேலிக்காரர்கள் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மிஷனெரி என்றால் வெள்ளைத் தோல் என்ற நினைப்பை ஒரே காலத்தில் இரண்டு கண்டத்தில் உடைத்தவர்கள்.

ஞாயிறு ஆராதனை பத்து மணிக்கு என்றார்கள். தொடங்கும்போது பதினொன்றரை. மொழி ருட்டூரோ, ஒரு சொல் தெரியாது. ஆனால் பாவ அறிக்கை எது, விசுவாசப் பிரமாணம் எது, எங்கே எழும்ப வேண்டும், எங்கே முழங்காலிட வேண்டும் என்று எல்லாம் தெரிந்தது. 1662ஆம் வருஷத்து இங்கிலீஷ் ஜெபப் புத்தகம் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே சட்டகத்தைத் தந்திருக்கிறது. அவர்கள் அதற்குள் முரசை வைத்திருக்கிறார்கள். பாடகர் குழுவின் தலைவர், நல்ல குரல், அது தனக்கே நன்றாகத் தெரிந்த மனிதர், ஒவ்வொரு பாட்டையும் முடிக்க மனமில்லாமல் இன்னொரு சுற்றுப் போனார். குருவானவரின் மனைவி இரண்டு முறை திரும்பிப் பார்த்து முறைத்தார். உலகத்துப் பாடகர் குழுவெல்லாம் ஒரே சபை.

நடுவில் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். டூரோ மக்களிடம் எம்பாக்கோ என்று ஒரு வழக்கம்; பெற்றோர் வைத்த பெயருக்கு மேல் எல்லாருக்கும் பன்னிரண்டு பெயர்களில் ஒன்று கிடைக்கும். அன்பாகவோ மரியாதையாகவோ கூப்பிட அந்தப் பெயர்தான். முகமன் சொல்லும்போதே "உங்கள் எம்பாக்கோ என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கத்துக் குருவானவர் அமூட்டி, அவர் மனைவி அக்கீக்கி. நான் அப்வோலி ஆனேன். பெட்டியில் போட முடியாது, எடை கிடையாது, திருப்பித் தரவும் முடியாது. வேண்டாம் என்று சொல்லும் வசதி இல்லாத முதல் அன்பளிப்பு அது.

எங்கள் குழுத் தலைவரின் பிரசங்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தில் பேசினார், அமூட்டி மொழிபெயர்த்தார், மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நீளமாக இருந்தது. ஜனங்கள் சிரித்த இடங்களில் எங்களவர் நகைச்சுவை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு காணிக்கை. காசு உள்ளவர்கள் காசு போட்டார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பீடத்தின் முன் வைத்தார்கள். வாழைக்குலை, ஒரு டம்ளர் பீன்ஸ், நிலக்கடலை, கரும்பு, துணியில் சுற்றிய முட்டைகள், வாழைநாரால் கால் கட்டிய ஒரு சிவப்புக் கோழி. ஆசீர்வாதம் முடிந்ததும் யாரும் கலையவில்லை. மர நிழலில் ஏலம். ஏலம் எனக்குப் புதிதில்லை. திருநெல்வேலிப் பக்கம் அறுப்பின் பண்டிகையில் பனங்கிழங்குக் கட்டும் பூசணிக்காயும் ஒரு தரம், இரண்டு தரம் என்று கோயில் வாசலில் போகும். எங்கள் ஏலத்தில் கௌரவம் விளையாடும். இன்ன குடும்பத்தார் ஒரு தாறு வாழைக்கு இத்தனை ஆயிரம் கொடுத்தார்கள் என்று அடுத்த பண்டிகைவரை பேச்சு இருக்கும். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அங்கே அப்படியில்லை. ஒரு சிறுவன் கொண்டுவந்த முட்டையை ஒருவர் ஏலத்தில் எடுத்தார், பணம் கட்டினார், முட்டையைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டார். மறுபடி ஏலம். இன்னொருத்தி எடுத்தாள், அவளும் வைத்தாள். ஒரே முட்டை பல கை மாறியது. கடைசியில் எடுத்த கிழவர், எடுத்ததும் அதைக் கொண்டுவந்த சிறுவனிடமே கொடுத்து எதையோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். எல்லாம் தேவதூதர்களின் கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். வாழைக்குலையை எடுத்த ஒருவர், சொன்ன தொகையில் பாதியை மட்டும் நீட்டி மீதியை அடுத்த வாரம் தருவதாக இழுத்தார். கணக்கு எழுதிய அம்மாள் அவரை விட்ட டோஸ் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

இந்த ஏலத்தின் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1841 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலாளராக இருந்த ஹென்றி வென், மிஷனெரி போன இடத்துச் சபை தன் காலில் நிற்க வேண்டும், தன்னையே நிர்வகிக்க வேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். உகாண்டாவில் பிஷப் டக்கர் உள்ளூர் ஊழியருக்கு உள்ளூர்ச் சபையே சோறு போட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்த முட்டையில் அமூட்டியின் சம்பளம் இருக்கிறது. லண்டன் கொள்கையாக வகுத்ததை இவர்கள் ஒரு விளையாட்டாகவே ஆக்கியிருக்கிறார்கள். நிலமும் காசும் இல்லாதவன் ஒரு முட்டையைக் கொண்டுவருகிறான், ஊரே சேர்ந்து அதன் விலையை ஏற்றிக் கொடுக்கிறது.

சிவப்புக் கோழி இருபதாயிரம் ஷில்லிங்கில் தொடங்கி அறுபதாயிரத்தில் நின்றது. நம் காசில் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ரூபாய். எடுத்தவர் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஓர் இளைஞர். எடுத்ததும் நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் கோழியை நீட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். கழைதின் யானையார் என் நாக்கு நுனியில் வந்து நின்றார். பக்கத்தில் இருந்த அக்கீக்கி என் முழங்கையைத் தொட்டு, "வாங்கிக்கொள்ளுங்கள் அப்வோலி, நீங்கள் வாங்கும்வரை அவன் போய் உட்கார முடியாது" என்றார்.

வாங்கினேன். கோழி சூடாக, கனமாக இருந்தது. என் புடவையில் உடனே தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது.

அன்று மத்தியானம் அமூட்டி வீட்டில் சாப்பாடு. வேகவைத்து மசித்த வாழைக்காய், கேழ்வரகுக் களி, தோல் நீக்கிய பீன்ஸைக் கடைந்த ஃபிரிண்டா, நிலக்கடலைக் குழம்பு, வேறொரு கோழி. இரைப்பையை வீட்டுத் தலைவருக்கோ முக்கிய விருந்தாளிக்கோதான் வைப்பார்களாம்; எங்கள் குழுத் தலைவருக்கு வைத்தார்கள், அவர் அதைத் தட்டில் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். களியை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். என் அம்மாவைப் பெற்றவர் கிண்டிய களிக்கு அது ஒன்றும் சளைத்ததில்லை. ஊறுகாய்ப் பெட்டி வேனிலேயே இருந்தது.

சாப்பிட்ட பின் ஒரு பெரியவர் என்னிடம் பேச வந்தார். ஃபோர்ட் போர்ட்டலில் இந்தியர் கடையில்தான் அவர் அப்பா சைக்கிள் வாங்கினாராம். நான் அந்தக் கடைக்காரரின் சொந்தமா என்று விசாரித்தார். 1972இல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு வைத்து ஆசியர்களை விரட்டியபோது அந்தக் கடையும் மூடியிருக்கிறது. அவர் நினைவில் இந்தியன் என்றால் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவன். காசுக்குப் பொருள் தருபவன். இப்போது வந்திருக்கும் இந்தியர்கள் காசில்லாமல் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தாலும் கல்லாவின் அதே பக்கத்தில்தான் நிற்கிறோம். "அந்தக் கடைக்காரர் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாரா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியதன் சாரம் இதுதான். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மிஷன் தலைவர்கள். மிஷனெரிகள் செய்த தியாகத்தை அவர் மறுக்கவில்லை. பொருளைத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள் என்று நன்றி சொன்னார். அதற்கு மேல் அவர் கேட்டது சிநேகிதர்களை. கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது. வெள்ளாளன்விளைக்காரர் கேட்டதை நூறு வருஷத்துக்குப் பிறகு வெள்ளாளன்விளைப் பக்கத்திலிருந்து போன நாங்கள் யாரிடம் கேட்பது? இப்போது பெட்டியோடு போகிறவர்கள் நாங்கள். அன்று மாநாட்டு மண்டபத்தில் கசந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலி இப்போது எங்களுடையது.

வேதத்தைத் திருப்பிப் பார்த்தால், தேவனுடைய மனிதர்கள் வெட்கமில்லாமல் வாங்குகிறார்கள். பஞ்ச காலத்தில் எலியா சாறிபாத் ஊர் விதவையிடம் போகிறான். ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் அவளிடம் மிச்சம். அதைச் சுட்டுத் தின்றுவிட்டுப் பிள்ளையோடு சாகப் போவதாகச் சொல்கிறாள். தீர்க்கதரிசி அசரவில்லை, முதல் அடை எனக்குச் சுடு என்கிறான். இன்றைய நிவாரண நிறுவனம் எதிலாவது அவன் வேலை பார்த்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். இயேசுவும் அப்படித்தான். சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார், யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியால் அவருக்குச் செலவு செய்தார்கள், சகேயு வீட்டில் தங்குவேன் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார்.

பவுல் விஷயம் இன்னும் சுவாரசியம். கொரிந்து சபையிடம் அவர் காசு வாங்கவில்லை, கூடாரம் தைத்துப் பிழைத்தார், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். பிலிப்பி சபையிடம் பலமுறை வாங்கினார். வாங்காத ஊரோடுதான் அவருக்கு வழக்கும் வருத்தமும் ஓயவில்லை. கடைசியில் உங்களுக்குப் பாரமாக இராமற்போன அந்தக் குற்றத்தை மன்னியுங்கள் என்று கொரிந்தியருக்குக் குத்தலாக எழுதும்படி ஆயிற்று. வாங்கின ஊருக்கு எழுதிய நிருபம் முழுக்கச் சந்தோஷம். நன்றி சொல்லும் இடத்தில் மட்டும், எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் நீங்கள் அனுப்பியது நல்லது என்று சுற்றி வளைப்பதைப் பார்த்தால், அவருக்கும் வாங்குவது கூச்சமாகத்தான் இருந்திருக்கிறது. எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது மக்கெதோனியாவின் ஏழைச் சபையார் எங்களையும் கொடுக்க விடுங்கள் என்று அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்களாம். ஏழையிடம் வாங்காமல் இருப்பதை இரக்கம் என்று நாம் நினைக்கிறோம். மக்கெதோனியர் அதை வாசலை அடைப்பதாக நினைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஏழையிடம் வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் ஊழியக்காரர்கள் கம்பாலாவிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். விதை போடு, நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று கடைசி நோட்டையும் கறந்துவிடுவார்கள். சாறிபாத் விதவையின் கதைதான் அவர்களுக்கு மிகப் பிடித்த கதை. அப்படியானால் நான் வாங்கிய கோழிக்கும் அவர்கள் வாங்கும் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? நான் பார்த்தவரையில் வித்தியாசம் கடன் யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பிரசங்கியார் வாங்கியதும் கடனைக் கடவுளின் கணக்கில் எழுதிவிட்டு எழும்பிவிடுகிறார். தருவது ஆண்டவர் பொறுப்பு, தராவிட்டால் உன் விசுவாசக் குறைவு. மர நிழலில் வாங்கியதற்கு நான்தான் கடன்காரி. ஊரே பார்த்திருக்க, பெயர் சொல்லி, இரண்டு கையால் வாங்கியது. இனி அந்த ஊரில் யாருக்கும் என்னிடம் கேட்க உரிமை உண்டு.

கேட்கவும் செய்தார்கள். புறப்படுகிற அன்று அமூட்டி என்னையும் குழுத் தலைவரையும் தார்ப்பாய் கட்டிய பக்கம் அழைத்துப் போய், மழைக்காலத்துக்கு முன் கூரையை முடிக்கத் தகடுகளுக்கு வழியுண்டா என்று நேராகக் கேட்டார். வேனில் வரும்போது எங்களில் ஒருவர், அந்தக் கோழியும் விருந்தும் இதற்காகத்தானா என்று முணுமுணுத்தார். இருக்கட்டுமே. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் நாம் கை நனைத்தபின் அந்த வீட்டார் ஒரு உதவி கேட்டால் அதைச் சூழ்ச்சி என்போமா? விருந்து வைத்தவன் விருந்தாளியிடம் கேட்கலாம். கேட்க முடிகிற இடம்தான் உறவு. நாங்கள் கொண்டுபோன கண்ணாடிகளை யாரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. அவை வீண் என்று சொல்லவில்லை. அந்த ஊர்த் தாய்மார்களில் ஒருவர் 2.50 கண்ணாடியை மாட்டிக்கொண்டு சங்கீதப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவராமல் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏன் நீலச் சட்டம் கிடைத்தது என்று சண்டைக்குப் போனார். பொருளுக்குப் பொருளின் மதிப்பு உண்டு.

திரும்பி வந்ததும் குழு அறிக்கையை நான்தான் திருத்தினேன். வறுமையிலும் அவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. மிஷன் அறிக்கைகளில் இந்த வரி எப்படியோ முளைத்துவிடும். அடித்துவிட்டேன். பாதி ஏலத் தொகைக்காகச் சண்டை போட்ட அம்மாளைச் சந்தோஷம் என்று எழுத அந்த அம்மாளே ஒப்ப மாட்டார். அவர்கள் சந்தோஷத்தை நாம் பார்த்து ரசித்துவிட்டு வந்தால் அவர்களுக்கு நாம் ஒன்றும் பாக்கியில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த வரியின் வேலையே அதுதான்.

கமிட்டியில் வரவு செலவு வாசிக்கும்போது பொருளாளர் என் கோழியைப் பற்றிக் கேட்டார். அதை நான் அக்கீக்கியிடம் விட்டு வந்திருக்கிறேன். அது என் கோழியாகவே அங்கே இருக்கிறது, குஞ்சு பொரித்ததும் வாட்ஸ்அப்பில் படம் வந்தது, அதில் இரண்டு குஞ்சுகளைக் கோயில் ஏலத்துக்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். பொருளாளர் கணக்கில் கறாரானவர். "வரவுன்னா ரசீது வேணும் டீச்சர், செலவுன்னா வவுச்சர் வேணும்" என்றார். இரண்டும் இல்லை என்பதால் கோழி கணக்கில் ஏறவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் வைத்தேன். அடுத்த முறை நாம் போவதற்கு முன்னால் அக்கீக்கியும் இன்னொரு அம்மாளும் இங்கே வரட்டும், பெண்கள் ஐக்கிய சங்கப் பண்டிகையில் பேசட்டும், நம் வீடுகளில் தங்கட்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், இரண்டு விமானச் சீட்டுச் செலவுக்குக் கூரையில் ஒரு பெரும்பகுதியே போட்டுவிடலாமே என்றார். நியாயமான கேள்வி. எனக்கு அதற்கு முழுப் பதில் இல்லை. அப்படியானால் நாம் எல்லாரும் போன சீட்டுச் செலவில் கூரை முழுதும் போட்டு மணிக்கூண்டும் கட்டியிருக்கலாமே என்று மட்டும் சொன்னேன். இன்னொருவர், "அவங்க வந்து நமக்கு என்ன சொல்லப் போறாங்க?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நிரலில் தகர வசூல் இரண்டாவது, இது ஆறாவது. இதை மூன்றாவதாக ஏற்றச் சொல்லிச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறாவது விஷயம் வரும்போது எங்கள் கமிட்டியில் பாதிப் பேர் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள்.